எல்.எம்.எஸ்ஸில் ஒரு பாடநெறியை ஒழுங்காக நடத்துவது எப்படி: விரிவுரையாளர்களுக்கான வழிகாட்டி

கொழும்பிலும் அதனை அண்டியும் உள்ள பல்கலைக்கழகங்களில் எல்.எம்.எஸ் (கற்றல் முகாமைத்துவ முறைமை) என்று பேச்சில் வழங்குவது பெரும்பாலும் மூடில் என்னும் மென்பொருளையே குறிக்கும். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002 ஓகஸ்டில் முதற்பதிப்பாக வெளியிட்ட இந்தத் திறந்த மூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. எனவே பீடத்துக்கு ஒன்றாகக்கூட அதை நிறுவிக்கொள்ள நமது நிறுவனங்களால் முடிந்தது. 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டு, லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் துணையோடு விரிவுரைகள் சூமுக்கு மாறியபோது, அதுவரை எல்.எம்.எஸ் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் ஓரிரு கிழமைகளுக்குள் அதைப் பழகவேண்டியதாயிற்று. அந்த அவசரத்தில் படிந்த பழக்கம் பலரிடம் அப்படியே நிலைத்துவிட்டது: விரிவுரை முடிந்ததும் ஸ்லைட் கோப்பை ஏற்றுவது, இணைப்பைப் பிரதி செய்து வட்ஸ்அப் குழுவில் போடுவது, அவ்வளவுதான்.

கோப்பு வைக்க மட்டுமே ஓர் இடம் வேண்டுமென்றால் அதற்குக் கூகுள் டிரைவ் போதும். எல்.எம்.எஸ்ஸின் பயன் அதன் 'செட்டிங்ஸ்' பக்கங்களில் இருக்கிறது. ஒப்படையைத் தாமதமாகத் தந்தால் ஏற்பதா, சரியான விடையை மாணவருக்கு எப்போது காட்டுவது, ஒப்படைக்காதவருக்குரிய இடத்தில் பூச்சியம் இடுவதா வெற்றிடமாக விடுவதா என்பன யாவும் கற்பித்தல் சார்ந்த தீர்மானங்கள். நீங்கள் அவற்றைத் தீர்மானிக்காவிட்டால் மென்பொருளே உங்களுக்காகத் தீர்மானித்துவிடும். அது என்ன தீர்மானித்தது என்பது பரீட்சகர் சபை கூடுவதற்கு முதல் நாள் இரவில்தான் தெரியவரும். ஆகவே எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதைவிட, எதை முன்கூட்டியே முடிவு செய்வது என்பதற்கே இவ்வழிகாட்டி இடம் தருகிறது. 2022 இல் வெளிவந்த 4.0 பதிப்பிலிருந்து மூடிலின் திரைத்தோற்றம் கணிசமாக மாறியிருப்பினும், கீழே சொல்லப்படும் அமைப்புகள் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் உள்ளவையே.

அரையாண்டு தொடங்கும் முன்

முதலில் கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் தொடர் மதிப்பீட்டின் கூறுகள், ஒவ்வொன்றுக்குமான நூற்றுவீதம், வழங்கும் திகதி, ஒப்படைக்கும் திகதி, புள்ளி வெளியிடும் திகதி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். தொடர் மதிப்பீட்டுக்கும் இறுதிப் பரீட்சைக்கும் இடையிலான விகிதம் பீடத்தின் விதிகளில் வரையறுக்கப்பட்டிருக்கும். அதை மீறி எல்.எம்.எஸ்ஸில் எதை அமைத்தாலும் பின்னர் அழிக்க வேண்டிவரும். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி ஆகியவற்றை அண்டிய நாட்களில் ஒப்படைத் திகதியை வைக்காதீர்கள். அந்த நாட்களில் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பதுளைக்கும் செல்லும் இரவு பஸ்களில் உங்கள் மாணவர்கள் இருப்பார்கள்.

பாடநெறிப் பக்கத்தைக் கிழமை வாரியாகவும் அமைக்கலாம், தலைப்பு வாரியாகவும் அமைக்கலாம். நமது சூழலுக்குத் தலைப்பு வாரியான அமைப்பே ஏற்றது என்பது என் துணிபு. கிழமை வாரியான அமைப்பில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் நாட்காட்டியோடு பிணைந்திருக்கும். ஒரு பணிப்பகிஷ்கரிப்போ வெள்ளமோ வந்து கல்வி நாட்காட்டி மூன்று கிழமை பின்னால் போனால், பக்கத்தில் ஓடும் கிழமையும் மண்டபத்தில் நடக்கும் விரிவுரையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும். தலைப்பு வாரியாக அமைத்தால் மாற்ற வேண்டியவை ஒப்படைத் திகதிகள் மட்டுமே.

பக்கத்தின் முதற்பகுதியில் மாணவர் அடிக்கடி தேடும் விடயங்கள் இருக்கட்டும்: பாடநெறி விவரம், மதிப்பீட்டு அட்டவணை, உங்களைச் சந்திக்கக்கூடிய நேரம், எந்த விடயத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்பவை. கோப்புகளின் பெயரில் கவனம் தேவை. 'நியூ ஃபைனல் 2' என்ற பெயருடைய கோப்பை இறுதிப் பரீட்சைக்கு முதல் நாள் போனில் தேடும் மாணவரை எண்ணிப் பார்த்தால், 'விரிவுரை 4: கேள்வி நெகிழ்ச்சி' என்று பெயரிடுவதன் அருமை விளங்கும். எல்லாம் முடிந்ததும், உங்கள் பெயருக்கு அருகிலுள்ள பட்டியலில் 'ஸ்விட்ச் ரோல்' என்பதைத் தெரிந்து மாணவர் பார்வைக்கு மாறி, பக்கத்தை ஒருமுறை போனிலும் திறந்து பாருங்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் அகன்ற அட்டவணை போன் திரையில் இடம் வலமாக இழுத்துப் படிக்க வேண்டியதாகிவிடும். அவ்வாறானவற்றைச் சிறு பட்டியல்களாக உடைத்துவிடுவது நல்லது.

எழுத்துருவும் மொழிமூலமும்

தமிழ் மொழிமூலம் கற்பிப்போருக்கு எல்.எம்.எஸ்ஸில் முதல் இடையூறு எழுத்துருவில் வரும். பல திணைக்களங்களில் பழைய விரிவுரைக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த வேர்ட் கோப்பிலிருந்து ஒரு பந்தியைப் பிரதி செய்து மூடிலில் ஒட்டினால், திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தெரியும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய எழுத்துரு. போர்வை இல்லாத இடத்தில் உள்ளிருப்பது வெளிப்பட்டுவிடுகிறது. 'பி.டி.எஃப் ஆக்கி ஏற்றினால் சரியாகத்தானே தெரிகிறது' என்று சிலர் கேட்பார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அக்கோப்பினுள் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு வரியைப் பிரதி செய்து மேற்கோள் காட்ட முடியாது, பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதை வாசிக்கவும் முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு குறிப்புகளை யுனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

ஒரே பாடநெறியைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிமூலங்களிலும் பயிலும் மாணவர்கள் ஒரே பக்கத்தில் இருப்பது கொழும்பில் புதுமையன்று. இவர்களுக்காக மூன்று தனிப் பாடநெறிகள் திறப்பதைவிட, ஒரே பக்கத்தில் மூன்று குழுக்களை அமைப்பது நிருவாகத்துக்கு இலகுவானது. ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு 'என்ரோல்மென்ட் கீ' (பதிவுக்கான கடவுச்சொல்) கொடுத்துவிட்டால், மாணவர் பதிவு செய்யும்போதே தனக்குரிய குழுவில் தானாகச் சேர்ந்துவிடுவார்; அதன்பின் தமிழ்க் குறிப்புகளுக்கு 'ரெஸ்ட்ரிக்ட் அக்செஸ்' பகுதியில் தமிழ்க் குழுவைக் குறித்து, அருகிலுள்ள கண் குறியையும் மூடிவிட்டால் அவை அக்குழுவினருக்கு மட்டும் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. எந்தக் குழுவிலும் சேராத மாணவருக்கு எந்தக் குறிப்புமே தெரியாது, தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. முந்தைய வருடத்து மீள்பரீட்சார்த்திகளும், பிந்திப் பதிவு செய்தவர்களும், பாடத் தெரிவை மாற்றிக்கொண்டவர்களும் இப்படி விடுபடுவார்கள். இரண்டாம் கிழமை முடிவில் குழுப் பட்டியலைத் திறந்து, குழுவில் இல்லாதவர் யாரேனும் உண்டா என்று பாருங்கள்.

ஒப்படை அறிவுறுத்தல் போன்ற பொதுவான பகுதிகளை மூன்று மொழிகளிலும் ஒரே இடத்தில் எழுதி, மாணவர் தெரிந்த இடைமுக மொழியிலுள்ளதை மட்டும் காட்டச் செய்யும் பன்மொழி வடிகட்டி ஒன்றும் மூடிலில் உண்டு. தள நிருவாகி அதை இயக்கிவிட்டிருக்க வேண்டும். இல்லையேல் மூன்று மொழியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவதே வழி. எப்படியாயினும் திகதிகளும் சொல் எண்ணிக்கை வரம்புகளும் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தவறாதீர்கள்.

டேட்டாவை மனதிற்கொண்டு

வெள்ளவத்தையில் போடிங்கில் இருக்கும் மாணவருக்கும் விடுமுறையில் மன்னாருக்கோ ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டத்துக்கோ சென்றிருக்கும் மாணவருக்கும் கிடைக்கும் இணைய வசதி ஒன்றல்ல. ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். வினாடிக்கு 500 கிலோபிட் வீதத்தில் சேமித்த ஒரு மணித்தியால வீடியோ ஏறத்தாழ 225 மெகாபைட் வரும். அதே விரிவுரையை 32 கிலோபிட் ஒலிப்பதிவாக மட்டும் தந்தால் 15 மெகாபைட்டுக்கும் குறைவு. பேச்சுக்கு 32 கிலோபிட் தாராளமாகப் போதும். ஆகவே ஒவ்வொரு விரிவுரைக்கும் ஒலிப்பதிவையும் ஸ்லைட் கோப்பையும் கட்டாயமாகவும், வீடியோவை விருப்பத்துக்குரியதாகவும் கொடுப்பதே நியாயமான ஏற்பாடு. உங்கள் தளத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தால் மூடிலின் கைபேசிச் செயலியில் மாணவர்கள் வளாக வைஃபையிலேயே கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு பின்னர் இணையமின்றிப் படிக்கலாம். முதல் விரிவுரையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து காட்டுங்கள்.

ஒப்படைகள்

விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் இடையில் அதிகமான மனக்கசப்பு ஏற்படும் இடம் இதுவே. அதற்குக் காரணம் பெரும்பாலும் திகதிகள்.

புதிய ஒப்படை ஒன்றை உருவாக்கும்போது மூடில் தானாக இடும் நேரம் 00:00. பதினைந்தாம் திகதி 00:00 என்றால் பதினான்காம் திகதி இரவு பன்னிரண்டு மணி. பதினைந்தாம் திகதி முழுவதும் தமக்கு இருக்கிறது என்று நம்பிய மாணவர்கள் அன்று காலை விழித்தெழும்போது ஒப்படைக்கும் நேரம் கடந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு பீடத்தில் இந்தக் குழப்பம் நடக்கத்தான் செய்கிறது. நேரத்தை 23:55 என்றோ, இன்னும் நல்லதாக மாலை 4:00 மணி என்றோ மாற்றிவிடுங்கள். மாலை நான்கு மணி என்பதற்கு ஒரு காரணம் உண்டு: கடைசி நேரத்தில் தளத்தில் கோளாறு ஏற்பட்டால் அலுவலக நேரத்தில் உதவி செய்ய ஒருவர் இருப்பார். நள்ளிரவில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்ததாக, 'டியூ டேட்' என்றும் 'கட்-ஒஃப் டேட்' என்றும் இரண்டு திகதிகள் உள்ளன. முதலாவது கடந்த பின்னரும் மாணவர் ஒப்படைக்கலாம். தாமதம் என்று சிவப்பு நிறத்தில் குறிக்கப்படும், அவ்வளவே. இரண்டாவது கடந்தால் வாயில் அடைபட்டுவிடும். இரண்டாவதை இயக்காமலே விட்டுவிட்டால் அரையாண்டு முடியும்வரை ஒப்படைகள் வந்துகொண்டிருக்கும். டியூ டேட்டுக்கு மூன்று நாள் கழித்துக் கட்-ஒஃப் வைத்து, இடைப்பட்ட நாட்களில் நாளொன்றுக்கு எத்தனை புள்ளி குறைக்கப்படும் என்பதை அறிவுறுத்தலிலேயே எழுதிவிடுவது சிறந்த முறை. புள்ளியைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை இயல்பாக மூடில் செய்து தரும் என்று எண்ணிவிட வேண்டாம். மருத்துவச் சான்றிதழோடு வரும் மாணவருக்கு முழு வகுப்புக்குமான திகதியை நகர்த்தாதீர்கள். அவருடைய பெயருக்கு எதிரேயுள்ள 'கிராண்ட் எக்ஸ்டென்ஷன்' வழியாக அவருக்கு மட்டும் புதிய திகதி கொடுத்தால், கொடுத்ததற்கான பதிவும் தளத்திலேயே இருக்கும்.

மாணவர் 'சப்மிட்' பொத்தானை அழுத்தியே ஆகவேண்டும் என்றொரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால், கோப்பை ஏற்றிவிட்டு அப்பொத்தானை அழுத்த மறந்த மாணவரின் ஒப்படை வரைவாகவே கிடக்கும். கல்வி நேர்மை உறுதிமொழி வாங்குவது போன்ற தேவை இல்லாவிட்டால் அதை இயக்காமல் விடுவதே மேல். கோப்பு வகையை பி.டி.எஃப் என்றும், கோப்பு எண்ணிக்கையை ஒன்று என்றும் வரையறுத்துவிடுங்கள். இல்லையேல் கையெழுத்துத் தாள்களைப் போனில் படமெடுத்து, பன்னிரண்டு தனிப்படங்களாக, அவற்றுள் சில தலைகீழாக, அனுப்பிவைப்பார்கள். படங்களை ஒரே பி.டி.எஃப் ஆக்கும் ஸ்கேன் செயலியின் பெயரை அறிவுறுத்தலிலேயே குறிப்பிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

புள்ளியிடுவதற்கு 'ரூப்ரிக்' என்னும் அளவுகோல் அட்டவணையைப் பயன்படுத்திப் பாருங்கள். வாதம், சான்று, மொழி, மேற்கோள் முறை என நான்கு வரிசைகளும் ஒவ்வொன்றுக்கும் நான்கு தரங்களும் இருந்தால் போதும். அதை ஒப்படை வழங்கும் நாளிலேயே மாணவருக்குக் காட்டிவிட வேண்டும். பின்னர் எனக்கு ஏன் இவ்வளவுதான் என்று கேட்டு வருபவர்கள் வெகுவாகக் குறைவார்கள். நூற்றைம்பது ஒப்படைகளை இரு விரிவுரையாளர்கள் பங்கிட்டுத் திருத்தும்போது இருவரும் ஒரே தராசில் நிறுப்பதற்கும் அது உதவும். மாணவர் பெயரை மறைத்துத் திருத்தும் வசதியும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புள்ளி வெளியிடும் 'மார்க்கிங் வேர்க்ஃபுளோ' வசதியும் உண்டு. பின்னதை இயக்காவிட்டால் நீங்கள் ஒவ்வொருவராகப் புள்ளியிட இடவே அது உரியவருக்குத் தெரிந்துவிடும்; பத்தாவது தாளைத் திருத்தி முடிக்கும்போதே வட்ஸ்அப்பில் ஒப்பீடு தொடங்கிவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பின், 'உலகமயமாக்கலின் விளைவுகளை விவரிக்குக' என்ற பாணியிலான வீட்டு ஒப்படைக்கு மதிப்பீட்டுப் பெறுமதி ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. கண்டறியும் மென்பொருள்களை நம்பி மாணவர்மீது குற்றஞ்சாட்டுவது ஆபத்தானது. அதைவிட ஒப்படையின் வடிவத்தை மாற்றுவது பயன் தரும். புறக்கோட்டையிலோ மரதானையிலோ கள அவதானம் செய்து எழுதச் சொல்லலாம். கருப்பொருள், சுருக்கம், முழு வரைவு என மூன்று கட்டங்களாக எல்.எம்.எஸ்ஸில் வாங்கலாம். இறுதியில் ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிட வாய்மொழி வினாவும் கேட்கலாம்.

வினாடி வினா

மூடிலின் மிக வலிமையான பகுதி வினா வங்கியே. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வகையை உருவாக்கி, ஒவ்வோர் அரையாண்டும் சில வினாக்களைச் சேர்த்துக்கொண்டே வந்தால், சில வருடங்களில் ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு வினாக்களை எழுந்தமானமாகத் தெரிந்து கொடுக்கும் அளவுக்கு அது பெருகிவிடும். பல்தேர்வு வினாக்களை ஒவ்வொன்றாகத் திரையில் நிரப்பத் தேவையில்லை. 'எய்க்கன்' என்னும் எளிய வடிவில், வினா ஒரு வரியிலும் தெரிவுகள் ஆங்கிலப் பெரிய எழுத்துடன் அடுத்தடுத்த வரிகளிலும் சரியான விடை கடைசி வரியிலுமாக நோட்பேடில் எழுதி, யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து ஒரே தடவையில் ஏற்றிவிடலாம்.

தெரிவுகளைக் குலுக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அந்நிலையில் நமக்கெல்லாம் பழக்கமான 'மேற்கூறிய அனைத்தும் சரி' என்ற தெரிவு முதலாவதாக வந்து நின்றால், மேலே எதுவும் இராது. ஒன்று அவ்வினாவுக்குக் குலுக்கலை நிறுத்துங்கள், அல்லது அப்படியான தெரிவையே கைவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள வினாவில் இன்னொரு பொறி உண்டு: சரியானவற்றுக்கு மட்டும் நூற்றுவீதம் கொடுத்துப் பிழையானவற்றைப் பூச்சியமாக விட்டால், எல்லாப் பெட்டிகளிலும் அடையாளமிட்ட மாணவருக்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். பிழையான தெரிவுகளுக்கு எதிர்மறை வீதம் இட வேண்டும்.

தமிழில் குறுவிடை வினா அமைப்பவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். விடை 'அரசியலமைப்பு' என்று நீங்கள் பதிந்திருக்க, மாணவர் 'அரசியலமைப்பில்' என்று வேற்றுமை உருபு சேர்த்து எழுதினால் மூடில் அதைப் பிழை என்றே கொள்ளும். விடையில் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தினால் அதன்பின் எது வந்தாலும் ஏற்கப்படும்; ஆனால் தமிழில் உயிர்க்குறி மாறுவதால், 'அரசியலமைப்பு' என முழுச்சொல்லை எழுதி நட்சத்திரம் இட்டாலும் 'அரசியலமைப்பில்' பொருந்தாது. 'அரசியலமைப்ப' என்று கடைசி எழுத்தை அகரத்தோடு நிறுத்தி நட்சத்திரம் இட வேண்டும். கண்ணுக்கு அரைகுறைச் சொல்லாகத் தெரியும், ஆனால் கணினிக்கு அதுவே பொருந்தும். இதற்கும் ஒரு விலை உண்டு: 'அரசியலமைப்புப் பேரவை' என்று முற்றிலும் வேறான ஒன்றை எழுதியவருக்கும் புள்ளி போய்ச் சேரும். 'சனநாயகம்', 'ஜனநாயகம்' போன்ற இரட்டை வழக்குகளைத் தனித்தனி விடைகளாகச் சேர்க்கவும் வேண்டும். மொத்தத்தில், தமிழில் குறுவிடையைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, புள்ளிக்குரிய வினாடி வினாவில் பல்தேர்வையோ பொருத்துதலையோ பயன்படுத்துவதே என் பரிந்துரை.

நேரத்தை அமைப்பதிலும் இரண்டு அளவுகள் உள்ளன: வினாடி வினா திறந்திருக்கும் காலம், ஒருவருக்குரிய கால எல்லை. காலை 9:00 முதல் 9:30 வரை திறந்துவைத்து, கால எல்லையையும் முப்பது நிமிடமாக இட்டால், 9:10 க்கு உள்நுழைந்தவருக்கு இருபது நிமிடமே கிடைக்கும். அத்தோடு இருநூறு பேரும் ஒரே நொடியில் தொடக்கப் பொத்தானை அழுத்துவதால் சேர்வர் திணறும். திறந்திருக்கும் காலத்தை இரண்டு மணித்தியாலம் ஆக்கி, கால எல்லையை மட்டும் முப்பது நிமிடமாக வைத்தால் இரண்டு சிக்கலும் நீங்கும். முன்பின்னாக எழுதுபவர்கள் விடையைப் பகிர்ந்துகொள்ளாதிருக்க எழுந்தமான வினாத் தெரிவு இருக்கிறது. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களில் கற்பித்தவர்களுக்கு இந்த நெகிழ்வின் அவசியத்தை விளக்கத் தேவையில்லை. இணைப்பு அறுந்தாலும் கடிகாரம் நிற்காது. ஆயினும் எழுதிய விடைகள் சிறு இடைவெளிகளில் தானாகச் சேமிக்கப்படுவதால், மாணவர் வேறொரு கருவியில் உள்நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைப் பரீட்சைக்கு முன்பே சொல்லி வையுங்கள். அந்த நேரத்துப் பதற்றத்தில் சொன்னால் காதில் ஏறாது.

சரியான விடையைக் காட்டும் நேரத்தை 'ரிவியூ ஒப்ஷன்ஸ்' பகுதியில் நான்கு கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். கடைசிக் கட்டமான, வினாடி வினா மூடிய பின் என்பதைத் தவிர ஏனையவற்றில் சரியான விடைக்கான அடையாளத்தை நீக்கிவிடுங்கள். இல்லாவிடில் முதலில் முடித்தவரின் ஸ்கிரீன்ஷொட் பத்தே நிமிடத்தில் வகுப்பு முழுவதையும் சுற்றிவரும்.

பலர் திறந்தே பாராத ஒரு பக்கம் வினாடி வினாவின் புள்ளிவிவர அறிக்கை. ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை வீதத்தினர் சரியாக விடையளித்தனர் என்பதும், அவ்வினா திறமையானவரையும் ஏனையவரையும் எவ்வளவு தூரம் வேறுபடுத்துகிறது என்பதைக் காட்டும் சுட்டியும் அதில் இருக்கும். இரண்டாவது சுட்டி எதிர்மறையாக இருந்தால், மொத்தத்தில் நல்ல புள்ளி பெற்றவர்கள் அந்த வினாவில் மட்டும் தவறியிருக்கிறார்கள் என்று பொருள். அநேகமாக விடைக்குறிப்புப் பிழையாகப் பதிந்திருக்கும், அல்லது வினா இருபொருள் தரும். மூன்று மொழிமூலப் பாடநெறியில் மொழிபெயர்ப்புப் பிழையும் இவ்வாறே வெளிப்படும்: விடைகளைக் குழு வாரியாகப் பார்க்கும்போது தமிழ்க் குழுவில் மட்டும் எல்லோரும் ஒரே தவறான தெரிவில் விழுந்திருந்தால், பிழை மாணவரிடம் இருக்க வாய்ப்பில்லை. விடைக்குறிப்பைத் திருத்தி 'ரீகிரேட்' கொடுத்தால் எல்லோருடைய புள்ளியும் மீளக் கணிக்கப்படும். கண்காணிப்பின்றி வீட்டிலிருந்து எழுதும் வினாடி வினாவுக்குப் பெரிய நூற்றுவீதம் ஒதுக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அறிவித்தல்கள்

அறிவித்தல் பகுதியில் எழுதுவது எல்லோருக்கும் மின்னஞ்சலாகச் செல்லும். ஆனால் திருத்துவதற்கான அவகாசமாக மூடில் இயல்பாக முப்பது நிமிடம் தாமதித்தே அனுப்பும். எட்டு மணி விரிவுரை இரத்து என்பதை 7:40 க்கு எழுதினால் மாணவர் வந்து திரும்பிய பின்னரே அது போய்ச் சேரும். உடனடியாக அனுப்பும் தெரிவைக் குறித்துவிடுங்கள். வட்ஸ்அப்பைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம், அறிவித்தலை எல்.எம்.எஸ்ஸில் இட்டு, அதன் இணைப்பை மட்டும் வகுப்புப் பிரதிநிதி வாயிலாகக் குழுவுக்கு அனுப்புங்கள். சுட்டெண்ணும் புள்ளியும் அடங்கிய அட்டவணையைக் குழுவில் போடும் வழக்கம் இன்னமும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ள நாட்டில் அது தகாத செயல். ஒவ்வொருவரும் தம் புள்ளியை மட்டும் பார்க்கும் வசதி எல்.எம்.எஸ்ஸில் இருக்கையில் அது தேவையுமில்லை.

புள்ளிப் பதிவேடு

இதில் ஒரே ஒரு அமைப்பைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெற்றுப் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடும் தெரிவு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மூன்று ஒப்படைகளில் ஒன்றை மட்டும் செய்து அதில் 80 பெற்ற மாணவருக்கு மொத்தமும் 80 என்றே அது காட்டும்; மூன்றையும் செய்து 80, 70, 60 பெற்றவருக்கு, மூன்றுக்கும் சம நிறை இருந்தால், 70. அரையாண்டின் நடுவில் இது பொருத்தமானதே, ஏனெனில் இன்னும் வராத ஒப்படைக்குப் பூச்சியம் காட்டி மாணவரைக் கலங்கடிக்கத் தேவையில்லை. ஆனால் இறுதிப் பட்டியலை எக்செல் கோப்பாக எடுக்கும் முன், ஒப்படைக்காதவர்களுக்குப் பூச்சியம் இட்டோ அத்தெரிவை நீக்கியோ ஆகவேண்டும். எடுத்த கோப்பில் ஏதேனும் ஐந்து மாணவரைத் தெரிந்து, அவர்களின் மொத்தத்தைக் கையால் கூட்டிப் பாருங்கள். வருகைப் பதிவை இதனோடு சேர்க்க வேண்டாம். எல்.எம்.எஸ்ஸில் உள்நுழைந்த பதிவு, கோப்பைத் திறந்தார் என்பதை மட்டுமே காட்டும். படித்தார் என்பதையோ விரிவுரைக்கு வந்தார் என்பதையோ காட்டாது. 80 வீத வருகைக் கணக்குக்கு அதைச் சான்றாகக் கொள்வது முறையன்று.

அரையாண்டு முடிந்த பின்

புள்ளிகள் உறுதிப்படுத்தப்பட்டதும் பாடநெறியை இரண்டு விதமாகப் பிரதி எடுத்து வையுங்கள். மாணவர் தரவுகளோடு கூடிய முழுப் பிரதி திணைக்களத்தின் பொறுப்பில் இருக்க வேண்டியது. மேன்முறையீடு வந்தால் அதுவே சான்று. மாணவர் தரவு இல்லாத பிரதி உங்களுக்குரியது. அடுத்த தொகுதி மாணவருக்கு அதைப் புதிய பக்கத்தில் மீட்டெடுத்துக்கொள்ளலாம். பழைய பக்கத்தையே மீளப் பயன்படுத்துவதாயின், 'ரீசெட்' செய்யும்போது புதிய தொடக்கத் திகதியைக் கொடுத்தால் எல்லா ஒப்படைத் திகதிகளும் அதே அளவு நாட்களால் தாமாக நகரும். நகர்ந்தவை போயா தினத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துத் திருத்தினால் போதும். வருகைதரு விரிவுரையாளராக இருப்பவர்கள் ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்னரே இந்த இரண்டாவது பிரதியைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்து கணக்கு முடக்கப்பட்டால், பல வருடங்களாகச் சேர்த்த வினா வங்கியைக் கேட்டுக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேரும்.